80 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கிய குச்சி

தாராபுரம் பக்கம் 14 வருடமாக மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறேன். போன தை மாதம் ஒரு தனியார் கம்பெனி ஆள் வந்து, "இது சாதாரணக் குச்சி இல்லைங்க, வைட்டமின் கலந்தது" என்று ஜெர்சிக் கலப்பின உறைவிந்து 20 குச்சி கொடுத்துவிட்டுப் போனார். குச்சி என்பது உறைய வைத்த காளை விந்தை அடைத்த மெல்லிய பிளாஸ்டிக் குழாய். வழக்கமாக வாங்குவதைவிடக் குச்சிக்கு 80 ரூபாய் அதிகம்.

முதல் வீட்டிலேயே கூத்து. "வைட்டமின் ஊசியா தம்பி? அப்ப மாடு நல்லாத் தேறிக்குமுங்களா?" என்றார் ஆத்தா. மாட்டுக்கு இல்லீங்க ஆத்தா, குச்சிக்குள்ளே இருக்கிற உயிரணுவுக்கு என்று சொல்லி முடிப்பதற்குள் மாடு உதைத்துவிட்டது.

விஷயம் இதுதான். விந்தை மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்து மறுபடி உருக்கும்போது கணிசமான உயிரணுக்கள் செத்துவிடும். குளிர் அதிர்ச்சிக்கு முட்டை மஞ்சள் கருவும், பனிப்படிகம் குத்தாமல் இருக்க கிளிசராலும் சாதாரணக் குச்சியிலும் சேர்ப்பது வழக்கம். ஆனால் உயிரணுவின் மேல்தோலில் கொழுப்பு அதிகம். எண்ணெய் காறிப்போவது மாதிரி ஆக்சிஜன் அதைக் கெடுத்துவிடும். அதைத் தடுக்கத்தான் வைட்டமின் ஈ, குளுடாதயோன் மாதிரியான சத்துகள். அளவு மிஞ்சினால் அதுவே கெடுதல்.

பழக்கமான கால்நடை மருத்துவரிடம் புதுசில் ஒன்று, பழசில் ஒன்று கொடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். உருக்கிய பிறகு குறைந்தது 50 சதவீத உயிரணுக்கள் முன்னோக்கி ஓட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இரண்டுமே தேறின. புதுசில் ஓட்டம் கொஞ்சம் துடிப்பாக இருந்தது, அரை மணி கழித்துப் பார்த்தபோதும் அடங்கவில்லை. அது உண்மை, மறைக்க மாட்டேன்.

மீதி 19 மாட்டுக்குப் போட்டேன். 9 சினை நின்றது. அதே நாட்களில் வழக்கமான குச்சி போட்ட 20 மாட்டில் 8. இதை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. மாடு பருவத்துக்கு வந்ததைக் காலையில் பார்த்துவிட்டு மறுநாள் கூப்பிடுகிறவர்களுக்கு எந்தக் குச்சி போட்டும் பிரயோஜனமில்லை. உள்ளங்கையில் தேய்த்து உருக்குகிறவர்களும் அப்படித்தான். 37 டிகிரி தண்ணீரில் 30 விநாடி வைக்கச் சோம்பல். குச்சியை உறைநிலையில் வைத்திருக்கிற திரவ நைட்ரஜன் வற்றிய கேனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

என் குறை வேறு. குச்சியின் மேல் காளை எண், இனம், தேதி எல்லாம் அச்சாகியிருக்கிறது. எந்தச் சத்து, எவ்வளவு கலந்தார்கள் என்பது மட்டும் துண்டுச்சீட்டில்கூட இல்லை. போனில் கேட்டால் "கம்பெனி ரகசியம்" என்கிறார்கள். தீவன மூட்டையிலேயே அச்சடிக்கிறார்கள், இதற்கென்ன?

அடுத்த தடவைக்கு 10 மட்டும் சொல்லியிருக்கிறேன். ரெண்டு தடவை ஊசி போட்டும் நிற்காத மாடுகளுக்கு மட்டும்தான் போடப்போகிறேன். ஆத்தா மாடு சினைதான், அவர் இன்னும் வைட்டமின் வேலை செய்தது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.