40 கல் பெட்டி: பிள்ளைகளுக்கு வாங்கலாமா?

பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஆன்லைனில் விற்கும் பாறை, கனிம மாதிரிப் பெட்டி இது. 40 கற்களோடு ஒரு சின்ன லென்ஸ், காந்தம், இரும்பு ஆணி, உரசிப் பார்க்க வெள்ளை ஓட்டுத் துண்டு, ஒரு கையேடு. கற்களில் பெரும்பாலானவை அசல்தான். கெடுப்பது பெட்டியைச் செய்திருக்கும் விதம்.

முதல் குறை பசை. ஒவ்வொரு கல்லையும் குழிக்குள் ஒட்டி வைத்திருக்கிறார்கள். கையில் எடுத்துக் கனம் பார்க்காமல், கீறாமல், உரசாமல் எந்தக் கனிமத்தையும் அடையாளம் காண முடியாது. ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டினால் பசை இளகும். கத்தியால் நெம்பினால் ஸ்லேட்டும் அபிரகமும் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். கந்தகத் துண்டுக்கு மட்டும் சூடு வேண்டாம், விரிசல் விட்டு உதிரும். கல்லை எடுத்த கையோடு அதன் எண்ணை அதன் மேலேயே எழுதிவிடுங்கள்.

கல்லை ஓட்டுத் துண்டில் உரசினால் விழும் கோட்டின் நிறம் கனிமத்தை அடையாளம் காண உதவும். ஆனால் துண்டின் மேல்பக்கம் வழவழப்பு, அதில் கோடே விழாது. திருப்பிப் போட்டுச் சொரசொரப்பான பக்கத்தில் உரசுங்கள். ஹெமடைட் கறுப்பாக மினுங்கினாலும் கோடு செங்காவியாக விழும். பொன்னிறப் பைரைட்டின் கோடு பச்சை கலந்த கறுப்பு. மேக்னடைட்டுக்கும் கறுப்புக் கோடுதான், ஆனால் காந்தத்தில் ஒட்டும். பெட்டியில் காசு கொடுத்ததற்கு உருப்படியான மூன்று கற்கள் இவை. குவார்ட்ஸை உரசிப் பயனில்லை. அதன் கடினம் (1 முதல் 10 வரையுள்ள மோஸ் அளவில்) 7, ஓட்டைவிட அதிகம். விழும் வெள்ளைத் தூள் ஓட்டினுடையது.

ஆணிச் சோதனையிலும் இதே குழப்பம் வரும். கீறிய இடத்தை ஈர விரலால் துடையுங்கள். தடம் அழிந்தால் அது ஆணியின் இரும்புத் தூள், கல் கீறப்படவில்லை. கால்சைட்டில் (கடினம் 3) பள்ளம் விழும், ஃபெல்ஸ்பாரில் (6) விழாது. ஒன்று போலத் தெரியும் இரண்டு வெள்ளைக் கற்களைப் பிரிக்க இதுவே போதும்.

சுண்ணாம்புக்கல், பளிங்கு இரண்டுக்கும் பளபளப்புக்காக வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். வினிகர் பட்டால் இவை நுரைக்க வேண்டும்; பூச்சு தடுப்பதால்தான் நுரைப்பதில்லை. ஒரு முனையை உப்புத்தாளில் தேய்த்து, வரும் தூளின் மேல் வினிகரை விட்டு லென்ஸில் பாருங்கள், குமிழி கிளம்பும். வேகமாக நுரைக்கட்டும் என்று டாய்லெட் ஆசிட் பக்கம் போக வேண்டாம்.

பாறைகள்தான் ஏமாற்றம். எல்லாம் கட்டைவிரல் நகம் அளவு. நைஸ் (gneiss) என்ற பட்டை பட்டையான பாறையின் பட்டைகள் அவ்வளவு சின்னத் துண்டில் எப்படித் தெரியும்? 'கிரானைட்' என்று பெயர் எழுதிய கல் எண்ணெய் தடவியது போன்ற மினுக்கோடு, நீலம் கலந்த கரும்பச்சையாக இருக்கிறது. அது சார்னோகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்தப் பாறையில் செய்தது; அவர் பெயரைத்தான் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் இதற்கு வைத்தார். பரங்கிமலையே இந்தப் பாறைதான். கட்டுமானக் கடையில் 'பிளாக் கிரானைட்' என்று விற்பதும் பெரும்பாலும் டோலரைட் என்ற வேறொரு கரும்பாறைதான் என்பதால், பெட்டிக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் செம்பு மினுக்கும் 'கோல்ட்ஸ்டோனை'க் கனிம வரிசையில் வைத்ததை மன்னிக்க முடியாது. அது உலையில் காய்ச்சிய கண்ணாடி.

கையேட்டில் மேன்டில் (பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள அடுக்கு) முழுக்க உருகிய லாவா என்று போட்டிருக்கிறது. தவறு. அது திடப் பாறை; கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற கணக்கில் நகர்கிறது. கண்டங்களைச் சுமக்கும் புவித்தட்டுகளின் வேகமும் அந்த அளவுதான். அந்தப் பக்கத்தைத் திருத்திவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள்.

இதே விலையில், ஒட்டாத, முட்டையளவு கற்கள் 12 இருக்கும் பெட்டி கிடைத்தால் அதையே எடுங்கள். இதைத்தான் வாங்குவதென்றால் கலீனாவைத் தனியே வையுங்கள். அது ஈயத் தாது. உரசியதும் கை கழுவ வேண்டும், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். கல்லுப்பும் பைரைட்டும் ஒரே பெட்டியில் கிடக்கக் கூடாது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் உப்பு கசியும், பைரைட் அமிலம் விட்டு வெள்ளையாகப் பூத்து அடியிலிருக்கும் அட்டையையும் அரிக்கும். இரண்டையும் தனித்தனி மூடி டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள்.