பழைய ஜீப் பிக்கப்புக்கு ஆயில் பவரா, கரண்ட் பவரா?

எங்களுடையது மகிந்திரா எம்எம் 540. 2112 சிசி பெஜோ டீசல் இன்ஜின், ஃபோர் வீல் டிரைவ். பின்கூண்டை எடுத்துவிட்டு, தட்டு வைத்துப் பிக்கப்பாக ஓட்டுகிறோம். தாண்டிக்குடிப் பக்கத் தோட்டத்திலிருந்து காபியும் மிளகும் மலைவாழைத் தாரும் ஏற்றிக்கொண்டு, பெரும்பாறை வழியாக வத்தலக்குண்டு இறங்கி ஏறுவதுதான் அதற்கு வேலை. பவர் ஸ்டியரிங் கிடையாது. அப்பா இருபது வருஷம் அப்படியே ஓட்டினார். தோள்பட்டை வலி வந்து, ஒரு வளைவில் வண்டியை ஒரே ஒடியில் திருப்ப முடியாமல் ரிவர்ஸ் எடுத்த அன்றுதான், ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தோம்.

பவர் இருந்தால் கை நோகாது, கொண்டை ஊசி வளைவில் நிம்மதி. இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எந்த பவர் என்பதுதான் கேள்வி. பட்டறைகளில் இரண்டு வழி சொல்கிறார்கள். ஆல்டோ, வேகன் ஆர் மாதிரியான கார்களில் வரும் எலெக்ட்ரிக் ஸ்டியரிங் காலத்தை (column, வளையத்திலிருந்து கீழே இறங்கும் தண்டு) கொண்டுவந்து பொருத்துவது ஒன்று; இதுதான் கரண்ட் பவர். இன்ஜினில் பம்ப் மாட்டி, வளையம் சுற்றுவதைச் சக்கரம் திரும்பும் அசைவாக மாற்றும் ஸ்டியரிங் பாக்ஸையே ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பாக்ஸாக மாற்றுவது இன்னொன்று. நாங்கள் போட்டது ஹைட்ராலிக். மூன்று மழைக்காலம் ஓட்டியாகிவிட்டது.

அதற்கு முன் ஒரு வார்த்தை. ஸ்டியரிங் கனமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் பராமரிப்பு இல்லாததுதான். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கிங் பின் (சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு) பேரிங்கோ வீல் பேரிங்கோ போயிருக்கிறது. எங்கள் வண்டியில் கிங் பின் பேரிங் கிரீஸ் காய்ந்து, துருவேறிக் கிடந்தது. அதை மாற்றி, இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் முனைகளான டை ராட் எண்ட்களைப் புதிதாகப் போட்டு, அகல டயரைக் கழற்றிவிட்டுப் பழைய 6.00-16 டயருக்கே திரும்பினோம். எவ்வளவோ இலகுவாகிவிட்டது. காலி வண்டியாகச் சமவெளியில் ஓட்டுபவர்களுக்கு இதுவே போதும். எங்களுக்குப் பாரம் ஏற்றியதும் மறுபடி தோளைப் பிடித்தது. அப்புறம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங் உதைப்பது நிற்கவே இல்லை. மேனுவல் ஜீப் ஓட்டியவர்கள் கட்டைவிரலை வளையத்துக்கு உள்ளே விடமாட்டார்கள், வெளியே வைத்துத்தான் பிடிப்பார்கள். ஒரு கல்லில் சக்கரம் மோதினால் ஸ்டியரிங் சுழன்று, அதன் கம்பி விரலைப் பெயர்த்துவிடும்.

சரி, கரண்ட் பவர். இதற்கு நல்ல பக்கங்கள் உண்டு. செலவு குறைவு. இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். சேசிஸில் வெட்டு கிடையாது, இன்ஜினில் பெல்ட் கிடையாது, ஒழுகுவதற்கு ஆயிலும் கிடையாது. இன்ஜின் நின்றுபோனாலும் சாவி ஆனில் இருந்தால் கை கொடுக்கும். பெரும்பாறையில் நண்பர் ஒருவர் தன் ஜீப்பில் போட்டிருக்கிறார். அதை நான் ஓட்டியது நாலைந்து தடவைதான், ஆகவே என் கருத்தை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்தில் ஒரே விரலால் திருப்பலாம், உண்மையிலேயே அருமையாக இருந்தது.

ஆனால் பலம் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். கரண்ட் பவரில் மோட்டார் இருப்பது டாஷ்போர்டுக்குக் கீழே, காலத்தில். அது கொடுக்கும் அழுத்தம் முழுவதும் காலம், ஜாயின்ட், பழைய ஸ்டியரிங் பாக்ஸின் வார்ம் (திருகு போன்ற பல்) எல்லாவற்றையும் கடந்துதான் சக்கரத்துக்குப் போகவேண்டும். அந்தப் பாக்ஸ் மனிதக் கை கொடுக்கும் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது. முப்பது வருஷம் தேய்ந்த பாக்ஸில் மோட்டார் பலத்தையும் சேர்த்து ஏற்றினால் ப்ளே (வெற்று ஆட்டம்) சீக்கிரம் வரும். ஹைட்ராலிக்கில் பலம் பிறப்பதே பாக்ஸுக்குள். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உள்ளே டார்ஷன் பார் என்ற ஒரு கம்பி கொஞ்சம் முறுக்கும், வால்வு திறக்கும், பம்ப் அனுப்பும் ஆயில் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் டிராப் ஆர்மை, அதாவது பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பிகளைத் தள்ளும் கையை, அசைக்கும். காலத்தின் வழியாகப் போவது உங்கள் கை பலம் மட்டும்தான். கல்லில் மோதும் உதையையும் அந்த ஆயிலே பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறது.

இன்னொன்று, மின்சாரம். பாரத்தோடு நின்ற இடத்தில் திருப்பும்போது மோட்டார் சில நொடிகளுக்கு 40, 50 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய ஜீப்பில் இருக்கும் சின்ன ஆல்டர்னேட்டருக்கு, அதுவும் ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடும் மழை ராத்திரியில், இது பெரிய சுமை. பேட்டரி, கேபிள், எர்த் எல்லாம் புதிதாக வேண்டும்.

என்னை முடிவெடுக்க வைத்தது, கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்கள் என்ற கேள்வி. நண்பரின் வண்டியில் ஒருநாள், வாழைத்தார் ஏற்றி வரும்போது, வளைவின் நடுவிலேயே பவர் நின்றுவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து வளையத்தை இழுத்துத்தான் சுவரோரம் ஒதுக்கினோம். பவர் நின்றாலும் சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் தொடர்பு அறுந்துவிடாது என்பது மட்டுமே ஆறுதல். காரணம் தேடி ஊர் மெக்கானிக் பாதி நாள் உட்கார்ந்தார். கை முறுக்கும் பலத்தை அளக்கும் டார்க் (torque) சென்சாரா, மோட்டாரை இயக்கும் கணினிப் பெட்டியான ஈசியூவா, எர்த்தா? காரில் அந்த ஈசியூவுக்கு வேகமும் இன்ஜின் சுற்றும் சிக்னலாகப் போகும். ஜீப்பில் அதெல்லாம் இல்லை, யாரோ ஒருவர் தனியாகப் போட்ட சின்னப் பெட்டிதான் அதை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் மலையில் ஒருவரும் இல்லை. வண்டி ஐந்து நாள் நின்றது. அறுவடை நேரத்தில் ஐந்து நாள் என்றால் தார் தோட்டத்திலேயே பழுத்துவிடும்.

எங்கள் வண்டியிலும் கோளாறு வராமல் இல்லை. இரண்டாவது மழையில் பிரஷர் ஹோஸ், கிரிம்ப் செய்த (நசுக்கி இறுக்கிய) இடத்தில் வியர்க்க ஆரம்பித்தது. ஹோஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வத்தலக்குண்டு போனேன். டிராக்டருக்கும் ஜேசிபிக்கும் ஹோஸ் அடிக்கிற கடை. பழைய எண்டுகளின் த்ரெட்டை அளந்து, அதே நீளத்துக்குக் குழாயை வெட்டி, மிஷினில் வைத்து நசுக்கிக் கொடுத்தார். அரை மணி நேரம்தான். சாயங்காலம் வண்டி ஓடியது. இந்த மாதிரிக் கடை தமிழ்நாட்டில் டிராக்டர் ஓடும் பல ஊர்களிலும் உண்டு. சீல் கிட் மதுரையில் கிடைக்கிறது, பெல்ட் எங்கேயும் கிடைக்கிறது. ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும்: டிராப் ஆர்முக்குக் கீழே சிவப்பாக ஒரு சொட்டு. அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் ஆயில் ஊற்றிக்கொண்டே ஓட்டலாம். கரண்ட் பவர் இப்படி முன்கூட்டிச் சொல்வதில்லை.

செலவு அதிகம், ஒப்புக்கொள்கிறேன். பாக்ஸும் பம்பும் சென்னை புதுப்பேட்டையில் பழையதாக எடுத்தோம். க்ராங்க் புல்லியில் இரண்டாவது பெல்ட்டுக்குக் காடி வேண்டும், பம்ப்புக்கு பிராக்கெட் லேத்தில் செய்யவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் சேசிஸ். ஹைட்ராலிக் பாக்ஸ் சக்கரத்தைத் தள்ளும்போது அதே பலத்தோடு சேசிஸையும் எதிர்ப்பக்கம் தள்ளும். போல்ட் துளை மட்டும் போட்டு மாட்டினால் நாளடைவில் விரிசல் விடலாம். உள்ளேயும் வெளியேயும் கனமான தகடு வைத்து, போல்ட் நெரிக்காமல் இருக்க நடுவில் குழாய் வைத்துத்தான் மாட்டவேண்டும். பட்டறையில் இதைச் செய்யத் தயங்கினால் வேறு பட்டறை பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே எந்த பவர் போட்டாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

டிராக்டரின் ஆர்பிட்டல் ஸ்டியரிங்கை மாட்டித் தருகிறேன் என்றும் ஒருவர் சொன்னார். அதில் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஹோஸ் மட்டும்தான், இரும்புத் தொடர்பே இல்லை. மலை ரோட்டில் வேண்டவே வேண்டாம்.

ஹைட்ராலிக் போட்ட பிறகு இரண்டு பழக்கத்தை மாற்றினோம். ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்து அப்படியே பிடித்து வைப்பதில்லை, பம்ப் கத்தும், ஆயில் கொதிக்கும். இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைப்பது இனிமேல் இல்லவே இல்லை. இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கும், மேனுவல் பாக்ஸைவிடக் கனமாகிவிடும்.

அப்பா மறுபடி ஓட்டுகிறார். கட்டைவிரலை இன்னும் வெளியேதான் வைத்துப் பிடிக்கிறார். போன வாரம் டிராப் ஆர்ம் சீலில் சிவப்பு தெரிந்தது. கிட் வாங்கி வைத்திருக்கிறேன், மிளகு இறக்கி முடிந்ததும் மாற்றவேண்டும்.