கலெக்டரா, ஆட்சியரா?

ஆங்கிலத்தில் ‘கலெக்டர்’ என்றால் வசூலிப்பவர், சேகரிப்பவர். 1772-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்கத்தில் இந்தப் பதவியை உருவாக்கியபோது முக்கிய வேலையே நிலவரி வசூல்தான். 1799-இல் தஞ்சாவூர் கம்பெனி கைக்குப் போன பிறகு டெல்டாவுக்கும் கலெக்டர் வந்தார். இன்றோ வாய்க்கால் தூர்வாரவில்லை, கொள்முதல் நிலையத்தில் நெல் நனைகிறது என்று மனு கொடுக்கத்தான் அவரைத் தேடிப் போகிறோம். வாங்க வந்தவரிடம் இப்போது நாம் கேட்டு நிற்கிறோம். (இங்கிலாந்தில் இந்தச் சொல்லைக் கேட்டால் தபால்தலை சேர்ப்பவரோ என்று நினைக்கக்கூடும்.)

‘மாவட்ட ஆட்சியர்’ அரசாணைக்கும் பெயர்ப்பலகைக்கும் சரி. ஆனால் அதில் ஆளுகிற தொனி கொஞ்சம் தூக்கல். எழுத்தில் ஆட்சியர் இருக்கட்டும். திருவாரூர் பஸ்ஸில் டிக்கெட் கேட்க மட்டும் ‘கலெக்டர் ஆபீஸ்’தான்.