38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு படிக்கட்டு விளக்கில் செய்த மோசடி

கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டின் படிக்கட்டு விளக்கை மூன்று தளங்களிலிருந்தும் போட்டு அணைக்கும்படி வயரிங் செய்து தருவதாகச் சொல்லி, 38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு எங்களை ஏமாற்றிவிட்டார்கள். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றின் ஊடாகவே அந்த எலக்ட்ரீசியன் வந்தார்.

படியில் அமர்ந்து, சுவிட்ச் வந்த அட்டைப் பெட்டியின் பின்புறத்தில் பேனையால் வரைந்து காட்டினார்: மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் கம்பி பூட்டும் மூன்று முனைகள் கொண்ட இருவழி சுவிட்ச்கள், நடுத்தளத்தில் அவை இரண்டுக்கும் இடையே ஓடும் இரு கம்பிகளை மாற்றி இணைக்கும், நான்கு முனைகள் கொண்ட இன்டர்மீடியட் சுவிட்ச். படம் முற்றிலும் சரியானது. முழங்கால் வலியோடு இரவில் இறங்கும் என் தாயாரிடம், "இனி நீங்கள் இருட்டில் தடவ வேண்டியதில்லை அம்மா" என்று அவர் சொன்னதைக் கேட்டு நாங்கள் அனைவரும் அவரை நம்பினோம்.

பணம் கைமாறிய அன்றிரவே, நடுத்தளச் சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் மற்ற இரண்டும் ஒழுங்காக வேலை செய்வதும், மறுபக்கம் தள்ளினால் கீழே நின்று எவ்வளவு தட்டினாலும் விளக்கு எரியாததும் தெரிந்தது. வேறொருவரை அழைத்துக் கழற்றிப் பார்த்தபோது, நடுவில் இருந்தது சாதாரண இருவழி சுவிட்ச். விலை கூடிய இன்டர்மீடியட் சுவிட்ச் பற்றுச்சீட்டில் மட்டுமே இருந்தது. அதைவிடக் கொடுமை, மின்சாரம் வரும் உயிர்க்கம்பி நேரே விளக்குக்குப் போக, அதை நிறுத்த வேண்டிய சுவிட்ச்கள் மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் பூட்டப்பட்டிருந்தன. விளக்கு அணைந்திருந்தும் ஹோல்டரில் வைத்த டெஸ்டர் (மின்சாரம் இருந்தால் ஒளிரும் சோதனைக் கருவி) பளிச்சென்று எரிந்தது. அணைத்துவிட்டோம் என்ற எண்ணத்தில் மின்குமிழ் மாற்றக் கை வைப்பவரை 230 வோல்ட் தாக்கியிருக்கும்!

செயலிக்காரர்களை அழைத்தால் முதலில் "48 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொள்வோம்" என்றார்கள். பிறகு "நாங்கள் ஆளை அறிமுகப்படுத்துபவர்கள் மட்டுமே, வேலைக்குப் பொறுப்பில்லை" என்றார்கள். இப்போது அழைப்பையே எடுப்பதில்லை. அந்த எலக்ட்ரீசியனின் தொலைபேசியும் அணைக்கப்பட்டுள்ளது. 38,500 ரூபாயில் ஒரு சதமும் திரும்பி வரவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிட்டிருக்கிறேன்.

இத்தகைய வேலை செய்விப்பவர்கள், மூடியைப் பூட்டுமுன் நடுச் சுவிட்சின் பின்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். நான்கு முனைகளிலும் கம்பி இருக்க வேண்டும். ஒவ்வொரு சுவிட்சையும் இரண்டு பக்கம் தள்ளலாம் என்பதால், மூன்று சுவிட்ச்களுக்கும் சேர்த்து எட்டு நிலைகள் உண்டு. எந்த நிலையில் எதைத் தட்டினாலும் விளக்கு மாற வேண்டும். அணைத்த பின் ஹோல்டரை டெஸ்டரால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.