எச்.ரி.எஃப். போத்தல்: ஒரு நாள் வேலைக்குக் கெட்டிக்காரன்

கொழும்பில் ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருக்கட்டல்) ஆய்வுகூடத்துக்கு வளர்ப்பூடகம், அதாவது விந்தையும் முட்டையையும் முளையத்தையும் வைக்கும் திரவம், எடுப்போர் முதலில் விலையைத்தான் கேட்பார்கள். எந்த வேலைக்கு என்று கேட்பதே முக்கியம். எச்.ரி.எஃப். (Human Tubal Fluid) அப்படியொரு ஊடகம்; 1985இல் குவின் என்ற ஆய்வாளரின் குழுவினர் பலோப்பியன் குழாய்த் (கருமுட்டைக் குழாய்) திரவத்தைப் பார்த்து அமைத்த கலவை. விந்து கழுவவும் கருக்கட்டலுக்கும் இன்றும் நம்பி வாங்கலாம். ஐந்தாம் நாள் வரை முளையம் வளர்க்க வேண்டாம்.

காரணம் கலவையிலேயே இருக்கிறது: குளுக்கோஸ் 2.78, லக்ரேற் 21.4, பைருவேற் 0.33 மில்லிமோல் (லீற்றருக்கு). விந்தின் வால் குளுக்கோஸை உடைத்துச் சக்தி எடுக்கும். அதற்கு இது தாராளம். தொடக்க முளையத்துக்கோ பைருவேற்தான் பிடிக்கும். குளுக்கோஸும் பொசுபேற்றும் சேர்ந்தால் அதன் பிரிவு மந்தமாகும். இதில் இரண்டுமே உண்டு. 16–18 மணி நேரத்தில் இரண்டு முன்கருக்களை (முட்டையினதும் விந்தினதும் கருக்கள்; கருக்கட்டியதற்கு அடையாளம்) பார்த்த கையோடு முளைய ஊடகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அல்புமின் என்ற புரதம் சேர்க்காத வகையும் விற்கிறார்கள். லேபிளைப் பார்க்காமல் ஊற்றினால், விந்து தலையைக் கண்ணாடியில் ஒட்டவிட்டு வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம் மனித அல்புமின் போதும். அது விந்தின் மென்சவ்விலிருந்து கொலஸ்திரோலை உருவியெடுக்க, பைகாபனேற்றும் கல்சியமும் விந்தின் உள்ளே அதை முட்டைக்குத் தயாராக்கும் வேலையைத் தொடங்கும். இந்த மூன்றும் கூடிவராவிட்டால், எவ்வளவு வேகமாக ஓடும் விந்தும் முட்டையின் உறையைத் தாண்டாது.

பெரிய சிக்கல் ஹெப்பஸ் (HEPES, திறந்த காற்றிலும் அமில-காரச் சமநிலையைக் காக்கும் பொருள்) சேர்த்த வகையோடு வருவது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றே, போத்தலும் ஒரே மாதிரி. அதில் பைகாபனேற்று 4 மில்லிமோல்தான். மேசையில் திறந்து வைத்துக் கழுவுவதற்கானது. காபனீரொட்சைட்டு இன்கியுபேற்றருக்குள் வைத்தால் அமிலமாகிவிடும். 25 மில்லிமோல் உள்ள வழக்கமான வகைக்கு நேர் எதிர்: 37 பாகையில், 5–6 வீதம் காபனீரொட்சைட்டில், எண்ணெய் மூடிய துளிகளாக முதல்நாள் இரவே வைத்துவிட வேண்டும். கொழும்பு கடல்மட்டத்தில் இருப்பதால் இந்த அளவு பொருந்தும். நுவரெலியா உயரத்தில் வீதத்தைக் கூட்டாமல் சரிவராது.

அமில-கார நிலைக்கேற்ப நிறம் மாறும் பீனோல் சிவப்பு சேர்த்த போத்தல் என்றால் நிறமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். இளஞ்செம்மை சரி. ஊதா சாய்ந்தால் வாயு வெளியேறிக் காரமாகிவிட்டது. மஞ்சளாகிக் கலங்கியிருந்தால் கிருமி, வீசிவிடுங்கள். ஒரே போத்தலை நாள்தோறும் திறந்து மூடாமல், முதல் நாளே கிருமியற்ற குழாய்களில் பிரித்து 2–8 பாகையில் வைப்பது நல்லது. உறையவிடக் கூடாது.

விந்தைக் கழுவிய பின் முட்டையோடு சேர்க்க, மில்லிலீற்றருக்கு ஒரு இலட்சம் ஓடும் விந்து என்பது வழக்கமான அளவு. வீரியம் குறைந்த மாதிரிக்கு அதைக் கூட்டுவோரும் உண்டு. அளவுக்கு மிஞ்சினால் ஒரே முட்டையில் பல விந்து நுழையும்.

வாங்கும்போது எலி முளையச் சோதனைச் (ஊடகத்தில் எலி முளையம் ஒழுங்காக வளர்கிறதா என்று பார்ப்பது) சான்றிதழில் உள்ள தொகுதி எண்ணும் போத்தலில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து உள்ள வெப்பநிலைப் பதிவையும் கேளுங்கள். தரத் தயங்கும் முகவரிடம் எடுக்க வேண்டாம். ஆயுள் குறைவு, ஆகவே சிறிய போத்தலே இலாபம்.