மைக்ரோசாஃப்ட் – ஆக்டிவிஷன் இணைப்பு: மூன்று அமைப்புகளில் உருப்படியாகச் செய்தது யார்?

கால் ஆஃப் டூட்டி என்ற பிரபல வீடியோ கேமை வெளியிடும் ஆக்டிவிஷன் பிளிசார்டை 6,870 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது 2022 ஜனவரியில். கைமாறியது 2023 அக்டோபரில். பிரேசில் எந்த நிபந்தனையும் இல்லாமல் விட்டுவிட்டது. இழுத்தடித்தவை முக்கியமாக மூன்று, பெரிய இணைப்புகள் போட்டியைக் கெடுக்குமா என்று பார்க்கும் அமைப்புகள்: அமெரிக்காவின் எஃப்டிசி, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐரோப்பிய ஆணையம், பிரிட்டனின் சிஎம்ஏ.

சத்தம் அதிகம் வந்தது எஃப்டிசி பக்கம்தான். அப்போதைய தலைவர் லீனா கான் தலைமையில் 2022 டிசம்பரில் வழக்குப் போட்டார்கள். பேரம் பேசுவதற்கே இடமில்லை, இணைப்பு நடக்கவே கூடாது என்பது அவர்கள் நிலைப்பாடு. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்காக, கால் ஆஃப் டூட்டியைப் போட்டியாளர் சோனியின் பிளேஸ்டேஷனுக்கு வராமல் செய்துவிடும் என்ற அச்சத்தை முன்னால் வைத்தார்கள். மைக்ரோசாஃப்டோ, கால் ஆஃப் டூட்டியை மற்றவர்களுக்கும் தருவதாகப் பத்தாண்டு ஒப்பந்தங்களை எடுத்து மேசையில் வைத்தது. நிண்டெண்டோவும் என்விடியாவும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தன. இடைக்காலத் தடை தர முடியாது என்று 2023 ஜூலையில் நீதிபதி ஜாக்குலின் ஸ்காட் கார்லி சொல்லிவிட்டார். சில நாளில் சோனியும் கையெழுத்திட்டது. அதோடு அந்த அச்சத்தில் இருந்த கொஞ்ச உயிரும் போயிற்று.

ஐரோப்பிய ஆணையமும் சிஎம்ஏவும் கடைசியில் கவலைப்பட்டது ஒரே விஷயத்துக்கு: கிளவுட் கேமிங், அதாவது கேமைத் தொலைவிலுள்ள சர்வரில் ஓட்டி இணையம் வழியாக ஆடுவது. ஆனால் முடிவு நேர் எதிர். எந்த கிளவுட் சேவையிலும் ஆக்டிவிஷன் கேம்களை ஆடப் பத்தாண்டுக்கு இலவச உரிமம் தருகிறோம் என்ற வாக்குறுதியை வாங்கிக்கொண்டு ஆணையம் 2023 மே மாதம் சரி சொன்னது.

அதற்கு மூன்று வாரம் முன்பே சிஎம்ஏ இணைப்பைத் தடுத்திருந்தது. இத்தனைக்கும் கன்சோல் பற்றிய கவலையை அது மார்ச்சிலேயே கைவிட்டுவிட்டது. எஃப்டிசி கடைசிவரை பிடித்துத் தொங்கிய அதே வாதம்! வாக்குறுதி என்றால் வருடக்கணக்கில் பின்னாலேயே போய்க் கண்காணிக்க வேண்டும், இன்னும் உருவாகாத சந்தைக்கு இன்றே விதி எழுத முடியாது என்பது சிஎம்ஏவின் பதில். அப்போது ஊரே அதைத் திட்டியது. ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் புதுத் திட்டத்தோடு வந்தது: ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு (ஐரோப்பிய ஒன்றியமும் சில அண்டை நாடுகளும்) வெளியே, ஆக்டிவிஷன் கேம்களின் கிளவுட் உரிமை பிரெஞ்சு கேம் நிறுவனமான யுபிசாஃப்டுக்கு விற்கப்படும். அடுத்த 15 ஆண்டில் வரும் புது கேம்களுக்கும் அது பொருந்தும். அதன் பிறகே சிஎம்ஏ சரி சொன்னது.

என் கணக்கில் சிஎம்ஏதான் முன்னால் நிற்கிறது. ஆணையம் வாங்கியது வாக்கு. சிஎம்ஏ வாங்கியது சொத்து. யுபிசாஃப்ட் அந்த உரிமையை வைத்துப் பெரிதாக ஏதாவது செய்யுமா என்பது வேறு கேள்வி. ஆனால் உரிமை மைக்ரோசாஃப்டின் கையில் இல்லை, அதுவே பெரிய விஷயம்.

எஃப்டிசிக்கு மிஞ்சியது மேல்முறையீடு. 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்டின் கேம் சந்தா சேவையான கேம் பாஸின் விலை ஏறியபோது, பார்த்தீர்களா என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். 2025 மே மாதம் அங்கும் தோற்று, வழக்கையே கைவிட்டார்கள்.