டர்பைன் பிளேடுக்கு எந்தச் செராமிக்: நைட்ரைடா, இழைக் கூட்டுப்பொருளா?

வாயு டர்பைனின் முதல் வரிசை பிளேடுகள் பெரும்பாலும் நிக்கல் உலோகக் கலவையில் வார்க்கப்படுகின்றன. சுமார் 1300 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகத் தொடங்கும் அக்கலவை அதைவிடச் சூடான வாயுவில் தாக்குப்பிடிக்க, காற்றை அழுத்தும் கம்ப்ரஸரிலிருந்து ஒரு பங்கைப் பிரித்து பிளேடின் உள்ளே செலுத்த வேண்டியிருப்பதால், எஞ்சினின் செயல்திறன் குறைகிறது. அந்தக் காற்றை மிச்சப்படுத்தவே, கூடுதல் வெப்பம் தாங்கும் செராமிக் நாடப்படுகிறது.

முதல் போட்டியாளரான சிலிக்கான் நைட்ரைடின் அடர்த்தி கன செ.மீ.க்கு சுமார் 3.2 கிராம்; நிக்கல் கலவையில் பாதிகூட இல்லை. சுழலும்போது பிளேடின் அடிப்பகுதியை இழுக்கும் மையவிலக்கு விசையும் அதற்கேற்பக் குறைகிறது. ஜப்பானில் 1988 முதல் 1999 வரை நடந்த 300 கிலோவாட் செராமிக் டர்பைன் திட்டத்தில், கவாசாகியின் சிஜிடி302 எந்திரம் 42.1 விழுக்காடு வெப்பத்திறனை (எரிபொருளின் ஆற்றலில் வேலையாக மாறும் பங்கு) எட்டியது. அந்த அளவுள்ள எந்திரத்துக்கு அது அரிய சாதனை. ஆனால், சிறு துகள் மோதினால் உலோகம் நெளியும் இடத்தில் நைட்ரைடு நொறுங்குகிறது. ஒரே சூளையில் சுட்ட இரு பிளேடுகளும், உள்ளே மறைந்த குறையின் அளவைப் பொறுத்து, வெவ்வேறு சுமையில் முறிகின்றன. ஆகவே வடிவமைப்பாளர் வலிமையை ஒற்றை எண்ணாகக் கொள்ளாமல், முறிவின் நிகழ்தகவாகக் கணக்கிட வேண்டும். பிளேடு பெரிதாகப் பெரிதாக அந்த நிகழ்தகவும் ஏறும்.

சிலிக்கான் கார்பைடு இழைகளைக் கார்பைடுக்குள்ளேயே பொதித்த கூட்டுப்பொருள் இந்தக் குறையைத் தணிக்கிறது. இழையின் மேலுள்ள மெல்லிய போரான் நைட்ரைடு பூச்சில் விரிசல் திசைமாற, இழைகள் அதன் இரு கரைகளையும் பிடித்து நிறுத்துகின்றன. எனினும் வலிமை இழையின் திசையில்தான் உண்டு. அடுக்குகளுக்கு இடையே பொருள் பலவீனமானது. உருகிய சிலிக்கானை ஊடுருவச் செய்து தயாரித்தால், எஞ்சும் சிலிக்கான் 1414 டிகிரியில் உருகுமென்பதால் வெப்ப வரம்பும் அதற்குக் கீழேயே நின்றுவிடும். 2016-இல் பயணிகள் சேவைக்கு வந்த லீப் விமான எஞ்சினில் இப்பொருள் டர்பைனைச் சூழும் நிலையான உறைப்பகுதியில்தான் இடம்பெற்றது. சுழலும் பிளேடாக, எஃப்414 போர்விமான எஞ்சினின் குறைந்த அழுத்த டர்பைனில் (வாயு ஓரளவு குளிர்ந்தபின் கடக்கும் பகுதி) சோதித்ததாக ஜிஇ நிறுவனம் 2015-இல் அறிவித்தது.

என் தேர்வு, பெரிய எஞ்சினுக்குக் கூட்டுப்பொருள், அதுவும் குறைந்த அழுத்த வரிசைகளில் தொடங்கி. நைட்ரைடு சிறிய எந்திரங்களுக்கு. எதைத் தேர்ந்தாலும், எரிந்து வரும் சூடான வாயுவிலுள்ள நீராவி, மேற்பரப்பில் உருவாகும் சிலிக்காவை (சிலிக்கான் ஆக்சைடு) ஆவியாகும் சேர்மமாக மாற்றி அரித்துவிடும் என்பதால், இட்டர்பியம் சிலிக்கேட் போன்ற காப்புப் பூச்சை பிளேடின் மெல்லிய பின்விளிம்பு வரை உரியாமல் நிலைக்கச் செய்வதையும், பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் உலோக வட்டில் பொருந்தும் அடிப்பகுதியில் தொடுகை அழுத்தத்தைப் பரப்புவதையும் முதலிலேயே தீர்த்தாக வேண்டும்.